பழைய ரயர் வீதியாகிறது

பனிக்காலம் வந்தால் ரயர் மாற்றுகிறோம். கழற்றிய பழையது எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. 1990 பெப்ரவரியில் ஒன்ராறியோவின் ஹேகர்ஸ்வில்லில் குவிந்திருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட ரயர்கள் தீப்பற்றி 17 நாட்கள் எரிந்தன. அயலில் இருந்தவர்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

அப்படிக் குவித்து வைக்காமல் பயன்படுத்தும் வழி அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1960களில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பொறியியலாளர் சார்ள்ஸ் மக்டொனால்ட், ரயர்த் துகளைச் சூடான தாருடன் கலந்தார். துகள் தாரிலுள்ள எண்ணெயை உறிஞ்சிப் பருத்து, கலவையைத் தடிப்பாக்குகிறது. இதனால் வீதியில் வெடிப்புகள் குறைகின்றன. வாகன இரைச்சலும் தணிகிறது.

குறையும் உண்டு. கலவைக்குக் கூடுதல் சூடு வேண்டும். ஆரம்பச் செலவும் அதிகம். குளிரில் சரியாக இறுகாவிட்டால் மேற்பரப்பின் கற்கள் பெயரும். ஆனாலும் ஹேகர்ஸ்வில் புகையை நினைத்தால் அந்தச் செலவு நமக்குப் பெரிதல்ல.