சொல்வோனும் சொற்பொருளும்: அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1775ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு சிறு பிரசுரம் வெளிவந்தது. 'வரிவிதிப்புக் கொடுங்கோன்மையன்று' என்பது அதன் தலைப்பின் பொருள். ஆங்கில அகராதியை ஆக்கிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜோன்சன் அதன் ஆசிரியர். பிரதிநிதித்துவம் இன்றேல் வரியும் இல்லை என வாதாடிய அமெரிக்கக் குடியேற்றநாட்டினருக்கு மறுப்பாக எழுந்த அப்பிரசுரத்தின் பெரும்பகுதியை இன்று வரலாற்று மாணவர் தவிரப் பிறர் படிப்பதில்லை. ஆயின், அதன் இறுதிப் பகுதியில் அவர் தொடுத்த வினா ஒன்று மட்டும் இருநூற்றைம்பது ஆண்டுகளாக நிலைத்து நிற்கின்றது. அடிமைகளைச் சவுக்கெடுத்து ஓட்டுவோரிடமிருந்தே விடுதலைக் கூக்குரல் மிக உரத்து எழுவது எங்ஙனம் என்பதே அவ்வினாவின் சாரம்.

மறு ஆண்டு, 1776 யூலை 4ஆம் நாள், மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்றும் உயிரும் சுதந்திரமும் எவராலும் பறிக்கவொண்ணாத உரிமைகள் என்றும் கூறும் சுதந்திரப் பிரகடனம் பிலடெல்பியாவிற் கூடிய பேரவையால் ஏற்கப்பட்டது. அதனை வரைந்த வேர்ஜீனியரான தோமஸ் ஜெபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். அவர்களுள் ஒருவரான சாலி ஹெமிங்சின் பிள்ளைகளுக்கு அவரே தந்தை என்ற நெடுநாளைய செய்தி, 1998இல் நிகழ்ந்த மரபணுச் சோதனையின் பின் வரலாற்றாசிரியர் பெரும்பாலோரால் ஏற்கப்பட்டுள்ளது. ஜோன்சனின் வினா இவ்வொருவரை எண்ணியே எழுதப்பட்டதோ என ஐயுறும் அளவுக்கு அது ஜெபர்சனுக்குப் பொருந்துகின்றது.

சொல்லும் செயலும் முரணும்போது சொல்லின் மதிப்பு என்னாகின்றது? எமது விவாத அரங்குகளிற் பேச்சாளர் முன்வைத்த நியாயத்தை விடுத்து அவர் வீட்டு நடப்பை எடுத்துரைத்துக் கைதட்டல் பெறுதல் வழக்கமாகிவிட்டது. எதிராளி வாயடைத்துப்போவதும் உண்மையே. அவ்வாறு வாயடைத்தமையால் எது நிறுவப்பட்டது என்பதை ஜோன்சனின் வினாவைக் கொண்டு நோக்குவோம்.

முதற்கண், வினவியவரையே நோக்குதல் தகும். 1755இல் வெளிவந்த தமது அகராதியில், அரச மானியம் என்பது தன் நாட்டுக்குத் துரோகம் இழைப்பதற்காக அரசின் கூலியாளுக்குக் கிடைக்கும் ஊதியம் என எள்ளலுடன் பொருளெழுதியவர் ஜோன்சன். ஏழாண்டு கழிந்து 1762இல், ஆண்டொன்றுக்கு 300 பவுண் அரச மானியத்தை அவரே ஏற்றுக்கொண்டார். மேற்கூறிய பிரசுரமும் அமைச்சர்களின் வேண்டுகோளின்படி எழுதப்பட்டதே. அவ்வமைச்சர்களின் நாடோ அக்காலத்தில் ஆபிரிக்கரைக் கப்பலேற்றி விற்பதில் முன்னணியில் நின்றது. அவ்வாணிபத்தைப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1807இலேயே தடைசெய்தது. குடியேற்றநாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இலேயே நிறைவேறியது. 1775 நவம்பரில் வேர்ஜீனியாவின் அரச ஆளுநர் டன்மோர் பிரபு, அரசரின் படையிற் சேரும் அடிமைகளுக்கு விடுதலை அளிப்பதாக அறிவித்தாரெனினும், அவ்வாக்குறுதி கிளர்ச்சியாளரின் அடிமைகளுக்கு மட்டுமே உரியதாயிற்று. அவரும் அடிமைகளை உடையவர்; தம் அடிமைகளை அவர் விடுவித்தாரல்லர்.

ஜோன்சன் அடிமைமுறையை மனமார வெறுத்தவர் என்பதை மறுத்தல் நேர்மையன்று. யமேக்காவில் அடிமையாய்ப் பிறந்த பிரான்சிஸ் பார்பரைத் தம் வீட்டில் வளர்த்துக் கல்வியளித்து, 1784இல் இறக்கும்போது தம் சொத்தின் பெரும்பகுதிக்கு உரியவராக்கினார். ஆயினும் அவரது எழுதுகோல் அரசின் கூலி பெற்றதே. சொல்வோனின் முரண்பாடு சொல்லை அழிக்கும் என்பது விதியாயின், அவ்விதி ஜெபர்சனின் பிரகடனத்தை மட்டுமன்றி, அதற்கெதிரான ஜோன்சனின் வினாவையும் உடன் அழித்துவிடும். எஞ்சுவது ஒன்றுமில்லை.

அளவையியல் பயில்வோர் இதனை ஆளை நோக்கிய வாதம் என்னும் போலியாக வகுத்து ஒதுக்கிவிடுவர். எடுகூற்றுகளிலிருந்து முடிவு பெறப்படுமாயின் வாதம் வலிதாகும். அதனைக் கூறியவர் யாராயினும் ஆகுக. இவ்விடை சரியானதே, ஆயினும் போதாது. ஜோன்சனின் வினாவில் ஏதோ ஓர் உண்மை உண்டென்ற எமது உணர்வை அது விளக்கவில்லை.

எமது மரபில் இதற்கொரு வழி உண்டு. காட்சி, கருதல், உரை என அளவைகளைச் சைவசித்தாந்திகள் வகுத்தனர். கருதல் என்பது அனுமானம். புகையைக் கொண்டு நெருப்பை உய்த்தறிதற்கு, புகையைச் சுட்டிக் காட்டியவன் நல்லவனா தீயவனா என்று ஆராய வேண்டுவதில்லை. உரையோ ஆப்தனின் வாக்கு. கேட்போன் நேரிற் காணாத ஒன்றைச் சொல்வோனின் நம்பகத்தை வைத்தே ஏற்கின்றான். ஆகலின் அங்குச் சொல்வோனின் ஒழுக்கம் அளவையின் ஓர் உறுப்பாகிவிடுகின்றது. வள்ளுவர் கூடாவொழுக்கத்தைக் கடிவதற்கு ஓர் அதிகாரம் வகுத்ததும், எவர் வாயிற் கேட்பினும் பொருளின் உண்மையைக் காண்க என வேறோர் அதிகாரத்திற் கூறியதும் தம்முள் முரணல்ல என்பது இவ்வேறுபாட்டை மனங்கொண்டால் விளங்கும்.

இவ்வளவுகோலை ஜெபர்சனிடம் வைத்துப் பார்க்கலாம். ஆட்சி ஆளப்படுவோரின் இசைவினின்றே பிறக்கின்றது, அவ்விசைவை மிதிக்கும் ஆட்சியை மாற்றும் உரிமை மக்களுக்குண்டு என்பது கருதல் வகையைச் சார்ந்தது. இதன் மூலத்தை ஜோன் லொக்கிடம் காண்போர், அவரும் அடிமை வாணிபம் நடாத்திய அரச ஆபிரிக்கக் கம்பனியிற் பங்கு வைத்திருந்தமையை அறிவர். அதனாலும் வாதம் அசைவதில்லை.

பிரகடனத்தின் மூலவரைவிற் பின்னர் நீக்கப்பட்ட பகுதியொன்று வேறு வகையினது. ஆபிரிக்கரைப் பிடித்து விற்கும் வாணிபத்தை வளர்த்த குற்றத்தை ஜெபர்சன் அதிலே மூன்றாம் ஜோர்ஜ் மன்னர்மேற் சுமத்தியிருந்தார். தென் கரோலினாவும் ஜோர்ஜியாவும் எதிர்த்தமையாலும், அடிமைகளை ஏற்றிச்சென்ற வடபகுதியினரும் சங்கடப்பட்டமையாலும் அது நீக்கப்பட்டதாக அவரே குறித்து வைத்துள்ளார். இங்கே அவர் கூறுவது நியாய வாதமன்று, ஒரு சாட்சியம். விற்றவனை மட்டும் கூண்டிலேற்றி வாங்கியவனை மறைக்கும் சாட்சியம். வாங்கியோருள் சாட்சியும் ஒருவர் என்ற செய்தி இவ்விடத்திற் புறம்பானதாகாது.

இதனினும் தெளிவான சான்று அவரது 'வேர்ஜீனியா மாநிலம் பற்றிய குறிப்புகள்' என்னும் நூல். 1787இல் இலண்டனில் வெளியான அந்நூலின் ஓரிடத்தில் அடிமைமுறை ஆண்டானையும் அடிமையையும் ஒருங்கே கெடுக்கின்றதென எழுதுகின்றார். இன்னோரிடத்தில், தாம் கண்டவற்றை ஆதாரமாக்கி, கறுப்பின மக்கள் அறிவாற்றலிற் குறைந்தவர்களாயிருக்கலாம் என்ற ஐயத்தை முன்வைக்கின்றார். கண்டவர் யார்? அம்மக்களின் உழைப்பில் வாழ்ந்தவர். அவர்கள் தாழ்ந்தோராயிருத்தல் தமக்கு வசதியாகும் நிலையிலிருந்தவர். முன்னதை ஏற்க அவர் ஒழுக்கம் தடையன்று. பின்னதை நம்புவதற்கு அது பெருந்தடை. சுதந்திரக் கறுப்பினத்தவரும் வானியற் கணிப்பில் வல்லவருமான பெஞ்சமின் பனேக்கர், 1791இல் தாம் கணித்த பஞ்சாங்கத்தின் கைப்பிரதியையும் கடிதமொன்றையும் ஜெபர்சனுக்கு அனுப்பி, 1776இன் சொற்களை அவருக்கே நினைவூட்டினார். ஜெபர்சன் மரியாதையாக மறுமொழி எழுதிக் கைப்பிரதியைப் பாரிசுக்கும் அனுப்பினார். ஆனால் 1809இல் நண்பரொருவருக்கு எழுதுகையில், பனேக்கருக்கு வேறெவரேனும் உதவியிருக்கலாமென ஐயுற்றார். கண்ணெதிரே வந்த சான்றையும் காண மறுக்கும் கண் அது.

விடுதலை செய்தல் இயலாத காரியம் என்ற அவரது கூற்றும் இவ்வகையினதே. 1814இல் இளைஞரான எட்வேட் கோல்ஸ், வேர்ஜீனியாவில் அடிமையொழிப்புக்குத் தலைமை தாங்குமாறு அவரை வேண்டினார். முதுமையைக் காரணங்காட்டி மறுத்த ஜெபர்சன், அடிமைகளைக் கைவிட வேண்டாமென அவருக்கே அறிவுரையும் கூறினார். கோல்ஸ் கேட்கவில்லை. 1819இல் தம் அடிமைகளை அழைத்துக்கொண்டு இலினோய்க்குச் சென்று, அவர்களை விடுவித்து நிலமும் வழங்கினார். பின்னர் அம்மாநிலத்தின் ஆளுநருமானார்.

இனி, ஜோன்சனின் வினாவுக்கு மீள்வோம். அது நிறுவுவது ஒன்றே: 'மனிதர் யாவரும் சமம்' என்பதையும் 'இம்மனிதரை நான் உடைமையாக வைத்திருக்கலாம்' என்பதையும் ஒருவர் ஒருசேரக் கொள்ளவியலாது. இரண்டில் எதனைக் கைவிடல் வேண்டும் என்பதை அது கூறுவதில்லை. குடியேற்றநாட்டினர் தம் உரிமைக் கோரிக்கையைக் கைவிட வேண்டுமென ஜோன்சன் எதிர்பார்த்தார். அடிமைகளோ மற்றையதைக் கைவிடச் செய்யலாமெனக் கண்டனர்.

மசாசூசெற்ஸ் மாநிலத்துச் செபீல்ட் என்னும் ஊரில் நடந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1773இல் அவ்வூர்ப் பிரமுகர் சிலர் கேணல் ஜோன் அஷ்லியின் வீட்டிற் கூடி, இயற்கை நிலையில் மனிதர் சமமும் சுதந்திரமும் உடையவர் எனத் தீர்மானம் வரைந்தனர். அதே வீட்டிற் பெற் என்ற அடிமைப்பெண் வேலை செய்துகொண்டிருந்தார். எழுத்தறியாதவர். வீட்டுத் தலைவி வேறொரு பெண்ணை அடிக்க ஓங்கிய சூடான அடுப்புக் கரண்டியைத் தம் கையிலே தாங்கி, அத்தழும்பை ஆயுள் முழுதும் சுமந்தாரெனக் கூறுவர். 1780இல் மசாசூசெற்ஸ் அரசியல் யாப்பு, மனிதர் யாவரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர் என முதலாம் உறுப்புரையிற் கூறிற்று. பெற், சட்டத்தரணி தியோடர் செட்ஜ்விக்கை நாடித் தமக்கும் அது பொருந்தாதோ என வினவினார். 1773ஆம் ஆண்டுத் தீர்மானத்தை வரைவதிற் பங்குகொண்ட அதே செட்ஜ்விக் வழக்கை ஏற்றார். 1781இற் பெற்றும் புறொம் என்ற மற்றோர் அடிமையும் அஷ்லிக்கெதிராகத் தொடுத்த வழக்கில் யூரிமார் அவர்களைச் சுதந்திரரெனத் தீர்ப்பளித்ததுடன், 30 சிலிங் நட்டஈடும் வழங்கச் செய்தனர். எலிசபெத் பிறீமன் எனப் பெயர் பூண்ட அவர் 1829 வரை வாழ்ந்தார். 1790ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மசாசூசெற்சில் அடிமையென ஒருவரேனும் பதியப்படவில்லை.

சமத்துவம் பேசியோர் போலிகள், ஆகவே அவர் பேச்சு வெறும் பேச்சு எனப் பெற் முடிவு செய்திருப்பின் இவ்வழக்கே இல்லை. அவ்வாறு முடிவு செய்ய மற்றெவரையும்விட அவருக்கே கூடுதலான காரணமிருந்தது. மண்டபத்தில் இருந்து கேட்போருக்குப் போலித்தனத்தை அம்பலப்படுத்துதல் ஓர் இன்பம். கட்டுண்டு கிடப்பவருக்கு அச்சொற்களே கையிற் கிடைத்த கருவி. இதனை வர்க்க நலனின் வெளிப்பாடு என ஒரு வரியில் எழுதி அமைதல் எளிது. வர்க்க நலனுக்காகக் கூறப்பட்ட சொல் எவ்வாறு அவ்வர்க்கத்தையே நீதிமன்றுக்கு இழுத்தது என்பதை அவ்வரி விளக்காது.

மற்றைய வழியிற் சென்றோரும் உண்டு. 1848இற் செனற் சபையிற் பேசிய ஜோன் கல்கூன், மனிதர் சமமாகப் பிறந்தனர் என்பதே தவறென்றார். 1861இல் தென்மாநிலக் கூட்டமைப்பின் உப தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், ஜெபர்சன் தலைமுறையின் கொள்கை பிழையானதென்றும் தமது புதிய அரசு சமமின்மையின்மேல் எழுப்பப்பட்டதென்றும் வெளிப்படையாகக் கூறினார். இவ்விருவரிடமும் போலித்தனம் இல்லை. சொல்லும் செயலும் முற்றாகப் பொருந்திவிட்டன. ஜெபர்சனின் முரண்பாட்டைவிட இப்பொருத்தம் கொடியது.

இவ்விரண்டினும் நுட்பமானது 1857இல் உயர்நீதிமன்றப் பிரதம நீதியரசர் றொஜர் டோனி, டிரெட் ஸ்கொட் வழக்கில் எழுதிய தீர்ப்பு. பிரகடனத்திற் கையொப்பமிட்டோர் மாண்புமிக்கோர். சொல்லொன்று செயலொன்றாக நடப்பவரல்லர். அவர்கள் அடிமைகளை வைத்திருந்தனர். ஆகவே 'மனிதர் யாவரும்' என்ற சொல்லில் ஆபிரிக்கர் அடங்கார் என்பது அவர் தருக்கம். முன்னோரைப் போலித்தனம் என்ற பழியினின்று காப்பாற்றச் சொல்லின் பொருளையே குறுக்கிவிட்டார். பல ஆண்டுகளுக்கு முன்னரே தம் சொந்த அடிமைகளை விடுவித்தவர் இந்நீதியரசர் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. நல்லொழுக்கம் உடையவர் கூறியதனால் தீய வாதம் வலிதாகிவிடவில்லை. உரிமையைப் பிரகடனஞ் செய்தல் வேறு, அதனை உடனே நடைமுறைப்படுத்தல் வேறு என அதே ஆண்டில் ஸ்பிறிங்பீல்டில் ஆபிரகாம் லிங்கன் விடையிறுத்தார். அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1852 யூலை 5ஆம் நாள் றொச்செஸ்டர் நகரில், அடிமைத்தளையினின்று தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ், சுதந்திர தின விழாவின் போலித்தனத்தை எவரும் கடிந்திராத அளவுக்குக் கடிந்தார். அதே உரையிற் பிரகடனத்தின் கொள்கைகளைப் பற்றி நிற்குமாறும் கேட்டார். கடிதலுக்கும் பற்றி நிற்றலுக்குமிடையே அவர் முரணெதனையும் காணவில்லை.

ஜெபர்சன் 1826 யூலை 4ஆம் நாள், பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, பெருங்கடன் வைத்து இறந்தார். மரணசாசனத்தின் மூலம் ஐவரை விடுவித்தார்; ஐவரும் ஹெமிங்ஸ் குடும்பத்தவர். 1827 யனவரியில், மொன்டிசெல்லோவில் 130 அடிமைகள் ஏலத்திற்கு விடப்பட்டனர். விடுவிக்கப்பட்ட ஐவருள் ஒருவரான யோ பொசெற் என்னும் கொல்லரின் மனைவியும் பிள்ளைகளும் அவ்வேலத்தில் வெவ்வேறு கைகளுக்கு விற்கப்பட்டனர். பதினொரு வயதில் விற்கப்பட்ட மகன் பீற்றர், அடிமையாயிருந்தபோதே எழுத்துக் கற்று, ஏனைய அடிமைகளுக்கும் அதனை இரகசியமாகக் கற்பித்தார். பின்னர் விடுதலை பெற்றுச் சின்சினாற்றியில் மதபோதகராகிய அவர், தப்பிவரும் அடிமைகளுக்கு வழித்துணையாகவும் இருந்தார். 1900ஆம் ஆண்டில், எண்பத்தைந்து வயது முதியவராக, மொன்டிசெல்லோவுக்கு ஒருமுறை சென்று அவ்வீட்டைப் பார்த்து வந்தார்.