ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1990 முதல் தயாரித்துவரும் குடும்ப எஸ்யூவி. இதுவரை ஆறு தலைமுறைகள் வெளிவந்துள்ளன. பிக்கப் டிரக்கின் சேசிஸில் தொடங்கி, இடையில் செடான் காரின் தளத்துக்கு மாறி, இப்போது பின்சக்கர இயக்கத்துக்கென்று உருவான தளத்தில் ஓடுகிறது. அமெரிக்கக் குடும்பங்கள் ஸ்டேஷன் வேகனை விட்டு எஸ்யூவிக்குத் தாவியதில் இந்த வண்டிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்நாட்டின் டயர் பாதுகாப்புச் சட்டம் கடுமையானதற்கும் இதுவே ஒரு காரணம்.

டிரக் காலம்

முதல் எக்ஸ்ப்ளோரர் 1990 மார்ச்சில், 1991 மாதிரி என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த பிரான்கோ 2 இரண்டு கதவு வண்டி. குழந்தையைப் பின்சீட்டில் உட்கார வைக்க ஒவ்வொரு முறையும் முன்சீட்டை மடக்க வேண்டும். எக்ஸ்ப்ளோரருக்கு நான்கு கதவு வடிவமும் இருந்தது. ஜீப் செரோக்கி 1984-லேயே நான்கு கதவுகளோடு வந்துவிட்டாலும், ஃபோர்டின் வண்டி அதைவிட இடவசதி மிக்கது. உள்ளே கார் போலத் தோன்றினாலும் அடியில் இருந்தது ரேஞ்சர் பிக்கப்பின் சேசிஸ், பின்பக்கம் பட்டை வில்கள், 4.0 லிட்டர் வி6 இன்ஜின், 155 குதிரைத்திறன்.

டிரக்கை அடித்தளமாகக் கொண்டதில் செலவும் மிச்சம், சட்டமும் சாதகம். 1975-ஆம் ஆண்டின் எரிபொருள் சிக்கனச் சட்டப்படி, 1990-இல் கார்கள் கேலனுக்குச் சராசரியாக 27.5 மைல் தர வேண்டும். இலகுரக டிரக்குகளுக்கோ 20 மைல் போதும். குடும்பம் போகும் வண்டி சட்டத்தின் கண்ணில் டிரக்காகவே இருந்தது. லூயிவில் ஆலையில் வண்டிகள் குவியத் தொடங்கின. 1993-இல் வெளியான ஜுராசிக் பார்க் திரைப்படத்தில் டைனோசர் பூங்காவைச் சுற்றிக்காட்டும் வண்டிகளாக எக்ஸ்ப்ளோரர்கள் வந்தது, ஃபோர்டுக்கு வாய்த்த நல்ல விளம்பரம்.

இரண்டாம் தலைமுறையான 1995 மாதிரியில் முகப்பு வளைவானது. முன்சக்கரங்களுக்குப் புதிய தனித்தனி சஸ்பென்ஷன் அமைந்தது. முன்சீட்டுகள் இரண்டுக்கும் ஏர்பேக் கிடைத்தது. அடுத்த ஆண்டு 5.0 லிட்டர் வி8 இன்ஜினும் சேர்ந்தது. பின் ஆக்ஸிலும் பட்டை வில்லும் மட்டும் அப்படியே நீடித்தன. விற்பனை ஏறிக்கொண்டே இருந்ததால், நன்றாக ஓடும் வண்டியின் அடிப்பகுதியைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை போலும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க விற்பனை 4.45 லட்சத்தை எட்டியது.

டயர் விவகாரம்

அதே 2000-இல்தான் இடி விழுந்தது. எக்ஸ்ப்ளோரரில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் சிலவற்றில், ஓடும்போதே மேல்பட்டை உள்ளிருக்கும் எஃகுப் பட்டையிலிருந்து பிரிந்து உரிந்தது. டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெப்ப மாநிலங்களில் விபத்துகள் அதிகம். கோடையில், முழுப் பாரத்தோடு, நெடுஞ்சாலை வேகத்தில் பின் டயர் உரிந்தால் வண்டியின் பின்பக்கம் இழுக்கும். ஓட்டுநர் பதறி ஸ்டீயரிங்கை ஒடிப்பார். உயரமான வண்டி உருளும்.

இதில் காற்றழுத்தத்துக்கும் பங்குண்டு. ஃபோர்டு பரிந்துரைத்தது 26 பி.எஸ்.ஐ.; ஃபயர்ஸ்டோன் பின்னர் வலியுறுத்தியது 30. அழுத்தம் குறைந்தால் பயணம் மென்மையாகும். ஆனால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி விரியும், வெப்பம் ஏறும். 26-இல் தொடங்கும் டயரில் சில வாரங்களில் இயல்பாகக் கொஞ்சம் காற்று இறங்கினாலே ஆபத்துக்குப் பக்கத்தில் போய்விடும்.

2000 ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பழுதான டயர்களில் பல இலினாய் மாநிலத்தின் டிகேட்டர் ஆலையில் செய்தவை. அந்த ஆலை 2001 இறுதியில் மூடப்பட்டது. குற்றம் டயர் மீது என்றது ஃபோர்டு, வண்டி மீது என்றது ஃபயர்ஸ்டோன். 2001 மே மாதம் ஃபயர்ஸ்டோன் உறவை முறித்துக்கொள்ள, மறுநாளே ஃபோர்டு மேலும் 1.3 கோடி டயர்களைத் தன் செலவில் மாற்றித் தருவதாக அறிவித்தது. 1906-இல் தொடங்கிய வணிக உறவு அத்தோடு முறிந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஜாக் நாசர் ஃபோர்டின் தலைமைப் பதவியிலிருந்து விலக, பில் ஃபோர்டு பொறுப்பேற்றார். அவர் ஹென்றி ஃபோர்டின் கொள்ளுப்பேரன். தாய்வழியில் ஹார்வி ஃபயர்ஸ்டோனுக்கும் கொள்ளுப்பேரன்.

நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் உயிரிழப்பு 271. டயரில் குறை இருந்தது என்று முடிவுகட்டிய ஆணையம், வண்டியையும் விசாரிக்கக் கோரிய ஃபயர்ஸ்டோனின் மனுவை 2002-இல் தள்ளியது. சட்டப்படி ஃபோர்டு தப்பியது. ஆனாலும் உயரமான, பாரம் ஏற்றும் வண்டிக்கு 26 பி.எஸ்.ஐ. என்று நிர்ணயித்ததை நல்ல முடிவு என்று சொல்ல முடியாது. 2000 நவம்பரில் நிறைவேறிய டிரெட் என்ற டயர் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவாக, டயர் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி 2008 மாதிரி ஆண்டுக்குள் அமெரிக்காவின் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது.

காராக மாறியது

மூன்றாம் தலைமுறை (2002 மாதிரி) இந்தக் கலவரத்தின் நடுவே பிறந்தது. வண்டி 2.5 அங்குலம் அகலமானது. பின்சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. சக்கரத்துக்குச் செல்லும் தண்டு சேசிஸ் சட்டத்தில் போட்ட துளைவழியே புகுந்து சென்றது. தடித்த பின் ஆக்ஸில் ஒழிந்ததால் தரையைத் தாழ்த்தி, மூன்றாவது வரிசை சீட்டு போட முடிந்தது. ஏழு பேர் ஏறும் எக்ஸ்ப்ளோரர் இதிலிருந்துதான். உருளாமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு 2005 மாதிரியில் எல்லா வகைகளுக்கும் வந்தது. 2006-இன் நான்காம் தலைமுறையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ரோல் விலை ஏறியது, பொருளாதாரம் விழுந்தது. 2009-இல் விற்றவை 52 ஆயிரம் மட்டுமே.

2011 மாதிரியில் டிரக் சேசிஸே போய்விட்டது. டாரஸ் செடானின் தளத்தில், தனிச் சேசிஸ் இல்லாத ஒற்றைக் கூடாக, முன்சக்கர இயக்கத்தோடு சிகாகோ ஆலையிலிருந்து வந்தது ஐந்தாம் தலைமுறை. வி8 இன்ஜினும் மலைப்பாதைக்கான லோ கியரும் நீங்கின. பின்சீட்டில் காற்றடைத்து விரியும் சீட் பெல்ட்டை உலகிலேயே முதலில் இது தந்தது. பழைய ரசிகர்கள் முணுமுணுத்தாலும் குடும்பங்கள் திரும்பி வந்தன, காவல்துறையும் வாங்கியது. 2017-இல் கார்பன் மோனாக்சைடு கசிவு அச்சத்தால் ஆஸ்டின் நகரக் காவல்துறை ஏறக்குறைய 400 வண்டிகளை நிறுத்திவைத்தது. பாதுகாப்புக் குறை எதுவும் இல்லையென்று 2023-இல் ஆணையம் விசாரணையை முடித்தது.

2020 மாதிரியில் தொடங்கிய ஆறாம் தலைமுறை மறுபடி பின்சக்கர இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் டிரக் சேசிஸ் திரும்பவில்லை. 2.3 லிட்டர் டர்போ இன்ஜின், 300 குதிரைத்திறன், 10 கியர் ஆட்டோமேட்டிக். ஐரோப்பாவில் 2024 முதல் இதே பெயரில் விற்கும் மின்சார வண்டி வேறு: அது ஃபோக்ஸ்வாகனின் தளத்தில் ஜெர்மனியின் கொலோன் ஆலையில் தயாராகிறது, அமெரிக்க எக்ஸ்ப்ளோரரோடு அதற்குப் பெயர் மட்டுமே பொது.