பழம்படம் புதுக்குதல்



நம்மவர் இல்லங்கள் பலவற்றிற் கூடத்துச் சுவரின்மேல் முன்னோர் நிழற்படங்கள் தொங்குதலைக் காண்கின்றோம். அவற்றுட் பல மஞ்சள் பாய்ந்தும், இராமபாணப் பூச்சியால் அரிப்புண்டும், மழைக்கால ஈரத்தாற் கண்ணாடியோடு ஒட்டியும் அழிந்து வருகின்றன. அவற்றைப் புதுக்கல் வேண்டும் என்னும் அவா இன்று பலர்க்கும் உளது. கணிப்பொறியும் அதற்குக் கைகொடுக்கின்றது. ஆயினும் புதுக்குதல் என்பது யாது, அதன் எல்லை யாது என்பதனைச் சரித்திரச் செய்திகள் சில கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

காமிராவாற் பதிக்கப்பெற்று இன்றும் எஞ்சியுள்ள படங்களுள் மிகப் பழையது, பிரெஞ்சு நாட்டு நியெப்ஸ் என்பார் 1826 அல்லது 1827-ஆம் ஆண்டில் எடுத்ததாகும். அவர் வெள்ளீயக் கலப்புத் தகடு ஒன்றின்மேல் தார் போன்ற நிலக்கீலைப் பூசி, தம் மனையின் மாடச் சாளரத்தினின்று தோன்றும் காட்சி அதன்மேற் படுமாறு வைத்தனர். ஒளிபட்ட இடத்து நிலக்கீல் இறுகியது. இறுகாத பகுதி பின்னர் எண்ணெயிற் கரைந்து நீங்கியது. இவ்வாறு கூரைகளும் சுவர்களும் தகட்டிற் பதிந்தன. நெடுங்காலம் இருந்த இடம் தெரியாதிருந்த இத்தகட்டினை 1952-இல் ஹெல்முட் கெர்ன்ஷைம் என்னும் ஆராய்ச்சியாளர் மீண்டும் கண்டெடுத்தார். கோடக் ஆய்வுக்கூடத்தார் அதற்கு ஒரு படி எடுத்துக் கொடுத்தனர். அப்படி தெளிவின்றி இருந்தமையின், கெர்ன்ஷைம் தாமே நீர்வண்ணமும் தூரிகையும் கொண்டு அதனைத் திருத்தினார். திருத்திய அப்படியே நூல்கள்தோறும் பரவியது. அதனாற் பல்லாண்டு மக்கள் உலகின் முதற்படம் எனக் கண்டது தகட்டிலுள்ள காட்சியினை மட்டுமன்று. ஓர் அறிஞரின் கைவேலையும் கலந்த ஒன்றினையாம். அவர் வஞ்சனை கருதினாரல்லர், அப்படத்தின்பாற் பேரன்புடையவர். அன்பு மிக்கவிடத்தும் கை மிகும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி மற்றொரு செய்தி கேண்மின். சுவீடன் நாட்டு ஆண்ட்ரே என்பார் துணைவர் இருவரோடு 1897-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் வடதுருவம் நோக்கி ஆகாயக் கூண்டிற் புறப்பட்டார். மூன்று நாளில் கூண்டு பனிப்பரப்பில் வீழ்ந்தது. மூவரும் பனிமேல் நெடுந்தொலைவு நடந்து, வெள்ளைத் தீவினை அடைந்து ஆண்டே மாண்டனர். முப்பத்து மூன்று ஆண்டுகட்குப் பின், 1930-இல், அவர்தம் உடல்களும் நாட்குறிப்புகளும் படச்சுருள்களும் கிடைத்தன. பனியிற் கிடந்து நைந்த அச்சுருள்களை ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பார் ஸ்டாக்ஹோமிற் பொறுமையுடன் கழுவித் துலக்கினார். ஏறத்தாழ 240 படங்களுக்கு இடமிருந்த சுருள்களினின்று 93 படங்களே மீண்டன. வீழ்ந்த கூண்டின் அருகே இருவர் நிற்கும் படம் அவற்றுள் ஒன்று. நீர்க்கறைகளும் கீற்றுகளும் அம்மூலப் படங்களில் இன்றும் உள. அக்கறைகள் குறையல்ல; முப்பத்து மூன்று ஆண்டு அவை பட்டபாட்டின் சாசனம் என்க.

ஏட்டுச்சுவடி பயின்றார்க்கு இந்நெறி புதிதன்று. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-இற் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268-ஆம் பாடல்கள் ஏடுகளிற் கிடைத்தில. சில பாடல்களின் அடிகள் சிதைந்திருந்தன. ஐயரவர்களின் புலமைக்கு நான்கடி புனைந்து சேர்த்தல் அரிதோ? ஆயினும் அவர்கள் அங்ஙனம் செய்திலர். இல்லாததனை இல்லையென்றே காட்டினர். அவ்வெற்றிடத்தினாலன்றோ எஞ்சிய பாடல்களை நாம் ஐயமின்றி நம்புகின்றோம்?

இவ்வுண்மையை யான் நூலறிவால் மட்டும் உணர்ந்தேனல்லேன். எந்தையாரை ஈன்ற பாட்டியாரின் படம் ஒன்றே எம் இல்லத்திருந்தது. பாம்படம் தாங்கித் தோளளவும் தாழ்ந்த காதும், கன்னத்து அம்மைத் தழும்பும் அதிற் புலனாகும். சுமார் முப்பது ஆண்டுகட்கு முன், ஈரம்பட்டுக் கறையேறிய அப்படத்தை எந்தையார் ஒரு படக்கடையிற் கொடுத்தார். கடையிலிருந்த கைவினைஞர் மூலப்படத்தின்மீதே தூரிகையை ஓட்டினார். கறையோடு தழும்பும் மறைந்தது. நீண்ட காது குறுகிச் சிறு தோடு ஏறியது. புதுச்சட்டத்துடன் வந்த படத்தைக் கண்ட என் பெரிய அத்தையார், “தம்பி, இது யாரோ! நம்ம அம்மை இல்லையே, காது எங்கே?” என்றார். எந்தையார் விடையளித்திலர். அத்தையாரும் இன்று இல்லை. அக்காதினைக் கண்ட கண் எம் குடும்பத்தில் இனி எவர்க்கும் இல்லை.

இற்றைநாட் கணிப்பொறி அக்கைவினைஞரினும் விரைந்து தொழில் செய்கின்றது. செயற்கை நுண்ணறிவு ஆயிரமாயிரம் முகங்களைப் பயின்று, மங்கிய முகத்திற்குக் கண்ணும் இமையும் பல்லும் தானே அமைத்துத் தருகின்றது. தெளிவு கண்டு மகிழ்கின்றோம். ஆயின் அத்தெளிவு நம் பாட்டனாருடையதன்று. பிறர் பலர் முகங்களினின்று ஊகித்தது. ஊகம் உண்மையின் ஆடையை உடுத்து வருதலே இதன் இடர்.

ஆதலின் அன்பர்கள் பின்வருவனவற்றைக் கைக்கொள்வாராக. மூலப்படத்தின்மேல் எவரையும் எழுதவிடற்க. முதற்கண் படியெடுத்து, அப்படியிலேயே திருத்தம் செய்விக்க. கண்ணாடியோடு ஒட்டிய படத்தை வலிந்து பிரித்தால் உருவம் கண்ணாடியிலேயே தங்கிவிடும்; அதனைக் கண்ணாடியோடேயே படியெடுக்க. கீறலும் தூசும் நீங்கலாம். முகத்தில் இல்லாதது ஏறலாகாது. திருத்திய படியின் பின்புறத்தே, இது திருத்தியது என்றும், படத்திலுள்ளார் பெயர், ஊர், ஆண்டு இவையென்றும் எழுதிவைக்க. இவற்றைச் சொல்லவல்ல முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுதல் எல்லாவற்றினும் முந்துறச் செய்யத்தக்கது.

முன்னோரை அழகராக்குதல் நம் கடனன்று. அவர் இருந்தவாறே அவரைப் பின்னோர்க்குக் காட்டுதலே நம் கடன். கறைபடிந்த மெய்ம்முகம் ஒன்று, பொலிவுடைய பொய்ம்முகம் நூற்றினும் சிறந்ததாம்.