ஞெலிகோல் முதல் தீக்குச்சி வரை

மரத்தோடு மரத்தைக் கடைந்து நெருப்பு உண்டாக்கும் கோலுக்குச் சங்கத் தமிழர் இட்ட பெயர் 'ஞெலிகோல்' என்பதாகும். ஞெலிதல் என்றால் கடைதல். இதுவே பின்னர்த் 'தீக்கடைகோல்' என்றும், வேள்விச் சாலையில் 'அரணி' என்றும் வழங்கலாயிற்று.

இடையர் ஞெலிகோலால் எடுத்த தீக்கொள்ளி கொண்டு குழலுக்குத் துளையிட்டதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. புறநானூற்றின் 315ஆம் பாடலில் ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சியை வீட்டின் இறப்பில் செருகிய ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். அடங்கியிருக்கையில் அவன் ஆற்றல் புலப்படாது. வேண்டியபோது தீயெனக் கிளர்ந்தெழும் என்பது கருத்து. 7ஆம் நூற்றாண்டில் அப்பர் பெருமான் இவ்வுவமையை இறைவனுக்கே ஆக்கினார். விறகினுள் தீப்போல மறைந்து நிற்பவன், அன்பாலும் உணர்வாலும் கடைவோர்க்கு வெளிப்படுவான் என்றார்.

1826இல் ஆங்கிலேயரான ஜான் வாக்கர் உரசினால் எரியும் தீக்குச்சியைக் கண்டறிந்தார். 1922இல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். கடையும் உழைப்பு நீங்கியது. அதனுடன் சொல்லும் மறைந்தது. ராசா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த தமிழருக்கு 'மஞ்சிஸ்' என்னும் மலாய்ச் சொல் பழக்கமானது, 'ஞெலிகோல்' புதிது.

எனினும் அரணி கடைந்து வேள்வித்தீ எடுக்கும் மரபு முற்றும் அழியவில்லை. அக்காட்சியைக் காணும் பெற்றோர், 'ஞெலிகோல்' என்ற பெயரையும் தம் பிள்ளைகளுக்குக் கூறுவாராயின், ஈராயிரம் ஆண்டுச் சொல் ஒன்று மீண்டும் உயிர்பெறும்.