கன்னிமாரா

எங்கள் திண்டுக்கல் பக்கத்துப் பாட்டி ஒருத்தியிடம், "பேரன் சென்னையில் கன்னிமாரா நூலகத்தில் படிக்கிறான்" என்று சொல்லிப் பாருங்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வாள். குளத்தங்கரையில் ஏழு கல்லாக நிற்கும் கன்னிமார்தான் அவள் நினைவுக்கு வரும்.

பெயருக்கு உரியவர் தெய்வம் அல்ல. 1886 முதல் 1890 வரை சென்னைக் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபு. எழும்பூரில் ரயிலைவிட்டு இறங்கி, பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம். அந்த நூலகத்துக்கு 1890 மார்ச்சில் அஸ்திவாரக் கல் நாட்டியவர் அவரே. கூவத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் நடந்தால் பின்னி சாலை. அங்கே அதே பெயரில் பெரிய ஹோட்டல். 1854-ல் இம்பீரியல், 1886-ல் ஆல்பனி, 1890-ல் கன்னிமாரா.

கவர்னரின் மனைவி சூசன் சீமாட்டி, டல்ஹௌஸி பிரபுவின் மகள். கணவரோடு மனம் முறிந்து, மாளிகையைவிட்டு வெளியேறி, இந்த ஹோட்டலில்தான் வந்து தங்கினார் என்று சென்னையில் சொல்வார்கள். 1890 நவம்பரில் விவாகரத்தும் பெற்றார். லேசான காரியமா அது? அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தில், மனைவி நெறி தவறினாள் என்று காட்டினாலே கணவனுக்கு விடுதலை. மனைவிக்கோ அது மட்டும் போதாது. கொடுமையோ வேறு குற்றமோ சேர்ந்திருக்க வேண்டும். ஊர் சிரிக்க அத்தனையையும் கோர்ட்டில் சொல்லியாக வேண்டும். சீமாட்டி சொன்னார்.

கவர்னர் பதவி விலகிக் கப்பலேறினார். பெயர் மட்டும் இரண்டு வாசல்களிலும் நின்றுவிட்டது. மனைவி அடைக்கலம் புகுந்த விடுதிக்கு, போயும் போயும் அந்தக் கணவரின் பெயரா!