மழையில் ஏறும் எடை வறட்சியில் இறங்குவது ஏன்? பிரேசில் பண்ணைகளின் தீவனக் கணக்கு

உலகின் மிகப் பெரிய மாட்டிறைச்சி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று பிரேசில். அங்கே மேயும் மாடுகளில் பெரும்பகுதி 'நெலோரே' இனம். ஆமாங்க, ஆந்திராவின் நெல்லூர்தான்! ஓங்கோல் மாட்டின் வழிவந்த இந்த இனம் வெயிலைத் தாங்கும். ஆனா, காய்ந்த புல்லை மட்டும் தின்று வளர அதாலயும் முடியாது.

என்ன பிரச்னை?

நடு பிரேசிலின் செராடோ சமவெளியில் சுமாராக அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மழை, மே முதல் செப்டம்பர் வரை வறட்சி. மழையில் சதை போடும் இளங்காளை வறட்சியில் இளைத்துவிடும். விரிந்து சுருங்குவதால் 'அக்கார்டியன் மாடு' என்றே அங்கே பெயர். இப்படி ஏறி இறங்கினால் விற்பனை எடைக்கு வர 4 வருஷம்கூட ஆகலாம். அதுவரை நிலமும் பணமும் முடங்கும். ஒரு கிலோ இறைச்சிக்கு வெளியாகும் மீத்தேனும் கூடும்.

புல் இருந்தும் ஏன் இளைக்குது?

மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள்தான் நாரைச் செரிக்க வைக்கின்றன. புல்லில் புரதம் சுமார் 7 சதவிகிதத்துக்குக் கீழே போனால் அவற்றுக்கு நைட்ரஜன் பத்தாது. செரிமானம் மந்தமாகும், வயிறு காலியாக நேரமாகும், மாடு குறைவாகத் தின்னும்.

வறட்சிக்கு என்ன வழி?

வேலை மழைக்காலத்திலேயே ஆரம்பம். பிப்ரவரி, மார்ச்சில் சில மேய்ச்சல் நிலங்களை அடைத்து, புல்லைச் சேமிக்கிறார்கள். வறட்சியில் மாடுகளை அங்கே விட்டு, யூரியா கலந்த தாது உப்பு, அல்லது சோயாப் புண்ணாக்கு சேர்ந்த புரதக் கலவை கொடுக்கிறார்கள். எவ்வளவு? உடல் எடையில் 0.1 சதவிகிதம் என்பது ஓர் அளவு. அதாவது 300 கிலோ மாட்டுக்குத் தினம் 300 கிராம். எடை குறையாமல் பார்த்துக்கொள்ள இது உதவும். எடை நல்லா ஏறணும்னா மக்காச்சோளமும் சேர்த்து 0.3 முதல் 0.5 சதவிகிதம் வரை போவார்கள்.

மழைக்காலத்தில்?

பச்சைப் புல்லில் புரதம் போதும். ஆனா செராடோ மண்ணில் பாஸ்பரஸ் குறைவு. அதனால் தாது உப்பு கட்டாயம்.

யூரியா ஆபத்தில்லையா?

அளவு மீறினால் மாடு செத்துப்போகும். அதனால் சில வாரங்களில் படிப்படியாகப் பழக்குகிறார்கள். பசியோடு இருக்கும் மாட்டுக்குத் தருவதில்லை. மழைநீரில் கரைந்த யூரியாவைக் குடித்துவிடாதபடி தொட்டிக்குக் கூரையும், அடியில் வடிகால் துளையும் உண்டு. கால்நடை மருத்துவரைக் கேட்காமல் யாரும் முயற்சி பண்ணக் கூடாது.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: இந்தக் கலவை புல்லுக்கு மாற்று இல்லை, காய்ந்த புல்லைச் செரிக்க வைக்கும் துணை. நிலத்தில் புல்லே இல்லைன்னா, கலவைக்குச் செலவழித்த காசு வீண்.