நியாய வணிக நகரம்

காபி, தேயிலை, கோகோ, வாழைப்பழம், சர்க்கரை, பருத்தி ஆகியவற்றை விளைவிப்போருக்குக் கட்டுபடியான விலை கிடைக்க வேண்டும் என்ற நோக்கில், அதற்கான சான்று பெற்ற பொருள்களை வாங்கவும் விற்கவும் பரிமாறவும் பொதுவில் முடிவெடுத்து நடக்கும் ஊர் நியாய வணிக நகரம் எனப்படுகிறது. நியாய வணிகத்தை இலங்கைத் தமிழில் நியாய வர்த்தகம் என்பர். உலகின் முதல் நியாய வணிக நகரம் இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்திலுள்ள கார்ஸ்டாங் என்ற சிறிய சந்தை ஊர். 2000-இல் அங்கு ஊர்க்கூட்டத்தில் எடுத்த முடிவு, இன்று 30-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2,000-க்கும் அதிகமான ஊர்கள் பின்பற்றும் இயக்கமாகியுள்ளது. விருந்து, தேநீர்க் கூட்டம், சுவைப் போட்டி, பள்ளி விழா போன்ற உள்ளூர் நிகழ்ச்சிகளே இந்த இயக்கத்தின் முதன்மைக் கருவிகள்.

சான்று செயல்படும் முறை

நியாய வணிகச் சான்றின்கீழ் விளைவிப்போருக்கு இரண்டு பாதுகாப்புகள் உண்டு. முதலாவது, பெரும்பாலான பொருள்களுக்கு உள்ள குறைந்தபட்ச விலை. சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினாலும், வாங்குபவர் அந்த விலையைக் கொடுத்தாக வேண்டும். சந்தை விலை அதைவிட உயர்ந்தால், உயர்ந்த விலையே செல்லும். இரண்டாவது, விலைக்கு மேல் தனியாகத் தரப்படும் ஊக்கத்தொகை. இது தனி உழவரின் கைக்கு நேரடியாகப் போவதில்லை. கூட்டுறவுச் சங்கமோ, தோட்டத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த குழுவோ கூடி முடிவெடுத்து, கிணறு, பள்ளிக்கூடம், மருத்துவம், களம் போன்ற பொதுத் தேவைகளுக்குச் செலவிடும்.

வாழைப்பழத்துக்கு 18.14 கிலோ கொண்ட பெட்டி ஒன்றுக்கு 1 டாலர் ஊக்கத்தொகை. கோகோவுக்கு 2019 அக்டோபர் முதல் டன்னுக்கு 240 டாலர் ஊக்கத்தொகையும் 2,400 டாலர் குறைந்தபட்ச விலையும் நடைமுறைக்கு வந்தன. கழுவிப் பதப்படுத்திய அராபிகா காபிக் கொட்டையின் குறைந்தபட்ச விலை 2023 ஆகஸ்டில் பவுண்டு எடைக்கு 1.40 டாலரிலிருந்து 1.80 டாலராக உயர்ந்தது. அதற்குரிய ஊக்கத்தொகை பவுண்டுக்கு 20 சென்ட்.

முன்வரலாறு

வாங்கும் பொருளின் பின்னால் இருப்பவர் யார் என்று கேட்கும் வழக்கம் இங்கிலாந்துக்குப் புதியதல்ல. 1791-இல் அடிமை வணிகத்தைத் தடுக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றபின், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையைப் புறக்கணிக்கும்படி வில்லியம் ஃபாக்ஸ் ஒரு துண்டுநூல் வெளியிட்டார். ஏறத்தாழ 3,00,000 பேர் அந்தச் சர்க்கரையைக் கைவிட்டதாக அடிமை ஒழிப்பாளர் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். அடிமைகளின் உழைப்பில் விளையாதது என்று எழுதிய சர்க்கரைக் கிண்ணங்கள் பின்னாளில் வீட்டு மேசைகளில் இடம்பெற்றன. விருந்துக்கு வந்தவர் அதைப் படிக்காமல் தேநீர் குடிக்க முடியாது.

சான்று முத்திரை 1988-இல் நெதர்லாந்தில் பிறந்தது. மெக்சிகோவின் சிறு காபி உழவர்களிடையே பணியாற்றிய பாதிரியார் ஃபிரான்ஸ் வான் டெர் ஹோஃபும், நிகோ ரோசன் என்பவரும் அதைத் தொடங்கினார்கள். டச்சுக் காலனியான ஜாவாவில் உழவர்கள் பட்ட சுரண்டலைக் காட்டிய 1860-ஆம் ஆண்டு நாவலின் நாயகன் பெயரான 'மாக்ஸ் ஹவலார்' அதற்குச் சூட்டப்பட்டது. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபாம், கிறிஸ்டியன் எய்டு, டிரெயிட்கிராஃப்ட் உள்ளிட்ட அமைப்புகள் 1992-இல் ஃபேர்டிரேடு அறக்கட்டளையை நிறுவின. 1994-இல் முதல் முத்திரைப் பொருளாக ஒரு சாக்லேட் கடைக்கு வந்தது. பல நாடுகளின் முத்திரை அமைப்புகள் 1997-இல் ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே அமைப்பாக இணைந்தன.

முத்திரை வந்துவிட்டது, பொருளும் வந்துவிட்டது. ஆனால் சிற்றூரின் கடைக்காரருக்கு அதை அடுக்கில் வைக்கக் காரணம் வேண்டியிருந்தது. கேட்டு வாங்க ஆளில்லாத பொருளை யார் வைப்பார்?

கார்ஸ்டாங்

லங்காஸ்டருக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், வயர் ஆற்றங்கரையில் இருக்கிறது கார்ஸ்டாங். சுற்றிலும் பால் பண்ணைகள். ஊரைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் புரூஸ் குரோதர் 1992-இல் அங்கே ஆக்ஸ்ஃபாம் குழு ஒன்றைத் தொடங்கினார். நியாய வணிகக் காபியையும் தேயிலையையும் வைக்கும்படி கடைகளையும் உணவகங்களையும் தேவாலயங்களையும் அக்குழு பல ஆண்டுகள் கேட்டுப் பார்த்தும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

ஆண்டுதோறும் நடக்கும் நியாய வணிக இருவாரம் என்ற பரப்புரைக் காலத்தில், 2000-ஆம் ஆண்டு குழு உத்தியை மாற்றியது. மேயர், தலைமையாசிரியர்கள், பாதிரியார்கள், வணிகர்கள் ஆகியோரை அழைத்து ஒரு விருந்து வைத்தார்கள். முத்திரை பெற்ற பொருள்களும் உள்ளூர்ப் பண்ணை விளைபொருள்களும் அதில் சேர்ந்தே பரிமாறப்பட்டன. இந்தச் சேர்க்கை தற்செயலானதல்ல. அப்போது பால் விலை வீழ்ந்து உள்ளூர்ப் பண்ணையாளர்களே தவித்துக்கொண்டிருந்தார்கள். கானாவின் கோகோ உழவருக்கும் லங்காஷயர் பால் பண்ணையாளருக்கும் இருக்கும் குறை ஒன்றுதான், விளைவித்தவர் கையில் விலை இல்லை என்பதை அந்த மேசை பேச்சில்லாமல் சொல்லிவிட்டது. விருந்து முடிந்ததும், முத்திரைப் பொருள்களைப் பயன்படுத்த ஒப்புக்கொள்ளுமாறு விருந்தினர்களிடம் கேட்கப்பட்டது.

அதன்பின் ஊரின் பள்ளிகளும் தேவாலயங்களும் பெரும்பாலான கடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்புதல் தந்தன. 2000 ஏப்ரல் 27 அன்று நடந்த ஊர்ப் பொதுக்கூட்டத்தில், கார்ஸ்டாங்கை உலகின் முதல் நியாய வணிக நகரமாக அறிவிக்கும் தீர்மானம் நிறைவேறியது. அப்படியொரு பட்டமே அதுவரை இருந்ததில்லை. ஊரே அதை உண்டாக்கிக்கொண்டது. மறு ஆண்டு ஃபேர்டிரேடு அறக்கட்டளை இதற்கான விதிகளை வகுத்து, 2001 நவம்பரில் கார்ஸ்டாங்குக்கு முறையாகச் சான்று வழங்கியது. குரோதருக்கு 2009-இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது அளிக்கப்பட்டது.

18-ஆம் நூற்றாண்டில் லிவர்பூல், லண்டன், பிரிஸ்டல் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அடிமை வணிகத்தில் ஈடுபட்ட துறைமுகம் லங்காஸ்டர். பக்கத்து ஊரின் இந்தக் கடந்தகாலத்தையும் நியாய வணிகத்தையும் சேர்த்துச் சொல்லும் பார்வையாளர் மையம் ஒன்றைக் குரோதர் 2011-இல் கார்ஸ்டாங்கில் திறந்தார். அது பின்னர் லங்காஸ்டருக்கு மாறியது.

ஐந்து இலக்குகள்

பிரிட்டனில் ஓர் ஊர் இந்தப் பட்டம் பெற ஐந்து இலக்குகளை எட்ட வேண்டும்.

1. உள்ளாட்சி மன்றம் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றி, தன் கூட்டங்களிலும் அலுவலகங்களிலும் முத்திரை பெற்ற காபியையும் தேயிலையையும் பரிமாற வேண்டும்.
2. ஊரின் கடைகளிலும் உணவகங்களிலும் குறைந்தது இரண்டு வகை முத்திரைப் பொருள்களாவது எளிதில் கிடைக்க வேண்டும்.
3. பணியிடங்கள், பள்ளிகள், வழிபாட்டுத் தலங்கள், மன்றங்கள் ஆகியவை அவற்றைப் பயன்படுத்த வேண்டும்.
4. நிகழ்ச்சிகள் வழியாகவும் செய்தித்தாள்கள் வழியாகவும் மக்களிடம் ஆதரவு திரட்ட வேண்டும்.
5. இவற்றைத் தொடர்ந்து கவனிக்க வழிநடத்தும் குழு ஒன்று இயங்க வேண்டும்.

மற்ற நாடுகள் இதே சட்டகத்தைச் சிறு மாற்றங்களோடு ஏற்றுள்ளன.

நிகழ்ச்சிகள்

ஆண்டு நிகழ்ச்சிகளில் பெரியது நியாய வணிக இருவாரம். நெடுங்காலம் பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் நடந்துவந்த இது, பிரிட்டனில் முத்திரையின் 30-ஆம் ஆண்டையொட்டி 2024-இல் செப்டம்பருக்கு மாற்றப்பட்டது. மே மாத இரண்டாம் சனிக்கிழமை உலக நியாய வணிக நாள்.

பெரும்பாலும் நடப்பது எளிய தேநீர்க் கூட்டம்தான். ஞாயிறு வழிபாடு முடிந்து வருவோருக்குத் தேவாலயக் கூடத்தில் ஒரு மடக்கு மேசை காத்திருக்கும். ஒரு பக்கம் கொதிகலனும் கோப்பைகளும், நடுவில் யாரோ வீட்டிலிருந்து செய்து வந்த கேக், மறுபக்கம் விற்பனைக்கு வைத்த காபிப் பொட்டலங்களும் சாக்லேட் கட்டிகளும். பொட்டலத்தின் மூலையில் கறுப்புப் பின்னணியில் நீலமும் பச்சையுமாக, கையை உயர்த்திய மனித உருவம். அதுதான் முத்திரை. டிரெயிட்கிராஃப்ட் நிறுவனம் 'பிக் புரூ' என்ற பெயரில் இத்தகைய தேநீர்க் கூட்டங்களை நாடெங்கும் ஊக்குவித்தது.

முத்திரை உள்ள காபியையும் இல்லாத காபியையும் பெயர் சொல்லாமல் கொடுத்து அடையாளம் காணச் சொல்லும் சுவைப் போட்டி, முத்திரைச் சர்க்கரையும் கோகோவும் கொண்டு நடத்தும் சமையல் போட்டி, வாழைப்பழ வேடமிட்டுத் தெருவில் நடக்கும் ஊர்வலம், ஊர் முழுவதற்குமான காலை உணவு ஆகியவையும் வழக்கத்தில் உள்ளன. ஆப்பிரிக்காவிலிருந்தோ லத்தீன் அமெரிக்காவிலிருந்தோ உழவர் ஒருவர் வந்து பள்ளிக்கூடங்களிலும் மன்றங்களிலும் பேசும் நிகழ்ச்சிக்குத் தனி மதிப்பு உண்டு.

ஒரு கூட்டத்தின் கணக்கு

இத்தகைய நிகழ்ச்சிகளின் நேரடிப் பலன் மிகச் சிறியது. ஒரு கோப்பைக்கு 10 கிராம் தூள் என்று கொண்டால், 100 பேர் காபி குடிக்கும் கூட்டத்துக்கு 1 கிலோ போதும். வறுக்கும்போது எடை குறைவதால் அதற்கு ஏறக்குறைய 1.2 கிலோ பச்சைக் கொட்டை தேவை. பவுண்டுக்கு 20 சென்ட் என்ற கணக்கில் அதற்கான ஊக்கத்தொகை சுமார் 50 சென்ட். நூறு பேர் கூடிக் குடித்தும் உழவர் சங்கத்துக்குக் கூடுதலாகப் போய்ச் சேர்வது அரை டாலர்தான்.

ஆயினும் அந்தக் கூட்டத்தில் காபி குடித்த பள்ளி முதல்வரோ, அலுவலகக் கொள்முதலைக் கவனிப்பவரோ தம் வழக்கமான ஆர்டரை மாற்றினால் ஆண்டுக்கணக்கில் கொள்முதல் தொடரும். கார்ஸ்டாங் விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் யார் யார் என்று பார்த்தால், குழு இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தது தெரியும். வருவோர் எண்ணிக்கையைவிட, பிறருக்காகவும் சேர்த்து வாங்கும் பொறுப்பில் இருப்பவர் வருகிறாரா என்பதே இந்நிகழ்ச்சிகளின் வெற்றியைத் தீர்மானிக்கிறது.

நியூ கொஃபொரிடுவா

கார்ஸ்டாங் தனக்கு இணையூராக, கானாவின் அஷாந்தி பகுதியிலுள்ள நியூ கொஃபொரிடுவா என்ற கோகோ கிராமத்தைத் தேர்ந்துகொண்டது. அங்குள்ள உழவர்கள் 1993-இல் உருவான குவாபா கொக்கோ கூட்டுறவைச் சேர்ந்தவர்கள். 1998-இல் பிரிட்டனில் தொடங்கிய 'டிவைன்' சாக்லேட் நிறுவனத்தில் இந்தக் கூட்டுறவே பங்குதாரராக இருந்தது. கோகோ விற்ற காசோடு நிற்காமல், சாக்லேட்டின் லாபத்திலும் உழவருக்குப் பங்கு உண்டு என்பது அந்த ஏற்பாட்டின் தனிச்சிறப்பு. பின்னாளில் நியூ கொஃபொரிடுவாவும் நியாய வணிக நகரமாக அறிவிக்கப்பட்டது. விளைவிக்கும் ஊரும் வாங்கும் ஊரும் ஒரே பட்டத்தைச் சூடிக்கொண்டன.

பரவல்

அயர்லாந்தில் கிளொனகில்டி 2003-லும், சுவீடனில் மால்மோவும் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரும் 2006-லும், கனடாவில் உல்ஃப்வில் 2007-லும், ஜெர்மனியில் சார்புரூக்கன் 2009-லும் தத்தம் நாட்டின் முதல் நியாய வணிக நகரங்களாயின. ஆசியாவில் முதலாவது ஜப்பானின் குமாமொட்டோ (2011). லண்டன் 2008-இல் பட்டம் பெற்றது. அதே ஆண்டு வேல்ஸும் 2013-இல் ஸ்காட்லாந்தும் தங்களை நியாய வணிக நாடுகளாக அறிவித்துக்கொண்டன. 2003-இல் ஆக்ஸ்ஃபர்டு புரூக்ஸ் முதல் நியாய வணிகப் பல்கலைக்கழகமாயிற்று.

தமிழர் வாழிடங்களும் நியாய வணிகமும்

இந்த மேசைகளில் ஆவி பறக்கும் தேநீரில் ஒரு பங்கு நீலகிரியிலிருந்தும் இலங்கை மலையகத்திலிருந்தும் செல்கிறது. நீலகிரியின் சாம்ராஜ் தோட்டத்தில் ஊக்கத்தொகை, ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் ஓய்வூதியத்துக்கும் பயன்பட்டது. இலங்கையில் கண்டிப் பகுதிச் சிறு உழவர்கள் சங்கமாகச் சேர்ந்து இயற்கைத் தேயிலையையும் வாசனைப் பொருள்களையும் இதே சான்றோடு ஏற்றுமதி செய்கிறார்கள்.

கூடலூரில் ஆதிவாசி மக்களோடு பணியாற்றிய ஸ்டான் தேக்கேகரா தொடங்கிய 'ஜஸ்ட் சேஞ்ச்' வேறு பாதையில் சென்றது. முத்திரையை நம்பாமல், விளைவிப்போரையும் முதலீடு செய்வோரையும் வாங்குவோரையும் நேராக இணைக்க அது முயன்றது. இங்கிலாந்தின் லூட்டன் நகரிலுள்ள மார்ஷ் ஃபார்ம் குடியிருப்பில், வசதி குறைந்த குடும்பங்கள் கூடலூர்த் தேயிலையை வாங்கின. நியாய வணிகம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற பேச்சுக்கு அது ஒரு மறுமொழி.

விமர்சனங்கள்

லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் நிறுவன ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நடத்திய ஆய்வு 2014-இல் வெளியானது. சிறு உழவர்களிடம் கூலிக்கு வேலை செய்வோரின் நிலையைச் சான்று உயர்த்தவில்லை என்று அது கூறியது. உழவருக்கு விலை கிடைத்தாலும், அவர் நிலத்தில் களை பறிப்பவருக்குக் கூலி உயர்ந்ததா என்ற கேள்வியை அது முன்வைத்தது.

மற்றொரு சிக்கல் பெருநிறுவனங்களைச் சார்ந்திருப்பது. கேட்பரி தன் முதன்மைச் சாக்லேட்டுக்கு 2009-இல் பெற்ற முத்திரையை விட்டுச் சொந்தத் திட்டத்துக்கு மாறுவதாக 2016-இல் அறிவித்தது. கிட்கேட் 2020-இல் பிரிட்டனில் முத்திரையை விட்டு விலகியது. சங்கிலிக் கடைகளில் ஒன்றான செயின்ஸ்பரீஸ் 2017-இல் தன் தேயிலைக்குத் தனி அடையாளம் வைத்துக்கொண்டது. ஊர்கள் பல ஆண்டுகள் கூட்டம் போட்டுச் சேர்த்த கொள்முதல், நிறுவனத்தின் ஒரே முடிவில் முத்திரைக்கு வெளியே போய்விடும். தேவாலய மேசைகளுக்குப் பொருள் தந்துவந்த டிரெயிட்கிராஃப்டின் வணிகப் பிரிவும் 2023 ஜனவரியில் நொடித்தது.

பட்டத்தைப் புதுப்பித்தல்

நியாய வணிக நகரம் என்ற பட்டம் ஒருமுறை பெற்றால் நிலைத்துவிடுவதன்று. ஐந்து இலக்குகளும் தொடர்கின்றன என்பதற்கான விவரங்களை ஊரின் வழிநடத்தும் குழு குறித்த காலத்துக்கு ஒருமுறை அனுப்பிப் புதுப்பிக்க வேண்டும். குழு கூடுவது நின்றால் பட்டம் காலாவதியாகும்.